திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு: கையால் செய்ததை வாங்க நினைப்பவர்களுக்கு

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். கேட், குடோன், மோட்டார் ரூம், பழைய மரக்கதவு என்று ஒரே இடத்தில் வருஷக்கணக்கில் தொங்க வேண்டிய பூட்டு தேவைப்படுகிறவர்கள் திண்டுக்கல் பட்டறையில் கையால் செய்த மாங்காய்ப் பூட்டைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் அட்டைப்பெட்டி மேல் ‘திண்டுக்கல்’ என்று அச்சடித்திருப்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். கையால் செய்ததும் மெஷினில் அடித்ததும் வெளியிலிருந்து பார்க்க ஏறக்குறைய ஒன்றாகத்தான் தெரியும், நாம் காசு கொடுப்பது எதற்கோ அது உள்ளே இருக்கிறது. அந்த உள்வேலையைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன், ஏனென்றால் பூட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எடை, பளபளப்பு, எத்தனை சாவி தருகிறார்கள் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

நான் வாங்கியது எட்டு லீவர் மாங்காய்ப் பூட்டு, அதாவது சாவி தூக்கிவிடும் தகடு உள்ளே எட்டு இருப்பது, நெல் மூட்டை அடுக்கும் அறைக்கு. முன்னால் தகரச் சாய்ப்பு இருந்தாலும் ஐப்பசி கார்த்திகையில் சாரல் நேராகக் கதவில் அடிக்கும், சித்திரையில் அதே கதவைக் கை வைத்துத் தொட முடியாது, அறுவடை சமயத்தில் உமித்தூசி எல்லா இண்டு இடுக்கிலும் புகுந்துவிடும். பூட்டுக்கு இதைவிட மோசமான இடம் கிடைப்பது கஷ்டம். இதற்கு முன்னால் அங்கே தொங்கிய கடைப் பூட்டுகள் இரண்டாவது மழைக்கே சாவியைக் கடித்துக்கொண்டு நின்றன. இது இன்னும் முதல் நாள் போலவே திறக்கிறது.

பார்க்க எப்படி இருக்கும்? உள்ளங்கையை நிறைக்கும் அளவு, மேலே அகலமாகத் தொடங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்து கீழே குறுகும், பெயருக்கு ஏற்ற வடிவம்தான். முன்னும் பின்னும் கனத்த இரும்புத் தகடு, சுற்றிலும் ஒரு பட்டை, எல்லாவற்றையும் சேர்த்து ரிவிட் அடித்திருப்பார்கள். சாவித் துவாரத்தின் மேல் விரலால் தள்ளினால் நகரும் ஒரு சின்ன மூடி. மேலே வளையம், விரல் தடிமனில். அலங்காரம் என்று ஒன்றும் கிடையாது. கையில் எடுத்தால் கனம் தெரியும், ஆட்டினால் உள்ளே எதுவும் கலகலக்காது, இந்தக் கலகலப்பு இல்லாததைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சாவியை வெயிலில் பிடித்துப் பாருங்கள். பல் வெட்டிய இடங்களில் அரம் ஓடிய கோடு குறுக்காக, மெலிசாக, வரிவரியாக இருக்கும், ஒரு வெட்டின் அடியில் கோடு நேராகவும் பக்கத்து வெட்டில் லேசாகச் சாய்ந்தும் இருக்கும், அதாவது அங்கே கையைத் திருப்பி இன்னும் ஒரு இழுப்பு இழுத்திருக்கிறார்கள். கூடக் கொடுத்த இரண்டாவது சாவியை இதன் மேல் வைத்துப் பார்த்தால் பல்லின் உயரங்கள் மயிரிழை பிசகாமல் பொருந்துகின்றன, ஆனால் தண்டும் தலைவளையமும் பொருந்தவில்லை. எது பொருந்த வேண்டுமோ அது மட்டும் பொருந்துகிறது. மெஷின் சாவி இரண்டை அடுக்கிப் பார்த்தால் இதற்கு நேர் எதிராக இருக்கும், தலை அச்சு அசலாக ஒன்று, பல்லில் மட்டும் பிசிறு.

இந்தப் பூட்டை வாங்கிய பட்டறையில் வேலை நடப்பதை உட்கார்ந்து பார்க்க விட்டார்கள், அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தேன். லீவர் பூட்டு வேலை செய்யும் விதம் பார்த்துவிட்டால் ரொம்ப எளிது. உள்ளே ஒரு தாழ், அதுதான் வளையத்தின் காலில் வெட்டியிருக்கும் பள்ளத்துக்குள் நுழைந்து பிடித்துக்கொள்வது. அந்தத் தாழில் ஒரு சின்ன முளை நிற்கும். தாழுக்கு மேல் லீவர் என்று சொல்லும் மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், ஒவ்வொன்றையும் ஒரு ஸ்பிரிங் கீழே அழுத்திக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றிலும் அந்த முளை நுழைகிற அளவுக்கு ஒரு வழி வெட்டியிருக்கும். சாவியைத் திருப்பும்போது அதன் ஒவ்வொரு பல்லும் தனக்கான லீவரைத் தூக்கும். எட்டு லீவரின் வழியும் ஒரே நேரத்தில் முளைக்கு நேராக வந்து நின்றால்தான் தாழ் நகரும். ஒரு லீவர் கொஞ்சம் குறைவாக எழுந்தாலும் நகராது, கொஞ்சம் அதிகமாக எழுந்தாலும் நகராது. அதிகம் தூக்கினாலும் மறிக்க வேண்டும் என்ற இந்த யோசனைக்கு இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் 1778-ல் காப்புரிமை வாங்கினார், இன்றைக்கும் உலகம் முழுக்க லீவர் பூட்டு அந்த அடிப்படையில்தான் ஓடுகிறது.

கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒவ்வொரு லீவருக்கும் ஐந்து உயரம் என்று வைத்துக்கொண்டால் ஆறு லீவருக்கு 15,625 விதமாகச் சாவி வெட்டலாம், எட்டு லீவருக்கு 3,90,625 விதம். நடைமுறையில் எல்லாப் பல்லும் ஒரே உயரமாக வரும் சாவி, ஒரு பல் அடியோடு பள்ளமாகி ஒடிந்துபோகக்கூடிய சாவி இவற்றை எல்லாம் கழித்துவிடுவார்கள், அப்படியும் மிச்சம் நிறைய. ஆனால் கடைக்காரர்கள் ‘எட்டு லீவர், பத்து லீவர்’ என்று அடுக்குவதை மட்டும் கேட்டு மயங்க வேண்டாம். லீவரில் வெட்டிய வழி முளையைவிட அகலமாக இருந்தால் பக்கத்து உயரத்தில் வெட்டிய சாவியும் திறந்துவிடும், அப்புறம் எத்தனை லீவர் இருந்து என்ன. அமெரிக்கப் பூட்டுக்காரர் ஆல்ஃப்ரெட் ஹாப்ஸ் 1851-ல் லண்டனில் பெரிய கண்காட்சி நடந்த சமயத்தில், திறக்கவே முடியாது என்று அதுவரை பெயர் வாங்கியிருந்த ‘சப்’ (Chubb) என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் பூட்டைத் திறந்து காட்டியது இப்படித்தான். தாழுக்கு லேசாக அழுத்தம் கொடுத்துக்கொண்டே எந்த லீவர் முளையோடு உரசுகிறது என்று விரலில் உணர்ந்து ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்தினார். உள்ளே இருக்கிற தொளதொளப்புதான் திருடனுக்குக் கைப்பிடி. அதைக் குறைப்பதற்குப் பெயர்தான் கைவேலை.

பட்டறையில் அது எப்படி நடக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. தகட்டை மாங்காய் வடிவத்துக்கு வெட்டி அடித்து எடுப்பது, இரும்புக் கம்பியை உலையில் பழுக்கக் காய்ச்சிக் குறட்டால் பிடித்து வளைத்து வளையமாக்குவது, இதெல்லாம் பார்க்க அழகுதான், சத்தமும் தீப்பொறியுமாக இருக்கும், போட்டோ எடுக்க வருகிறவர்கள் அதைத்தான் எடுப்பார்கள். ஆனால் பூட்டு பூட்டாவது அதற்குப் பிறகு, வைஸில் கடித்த ஒரு சின்ன சாமானுக்கு முன்னால் சத்தமே இல்லாமல். பெரிய ஆசாரி முதலில் சாவியை வெட்டினார். வெறும் சாவியை வைஸில் பிடித்து அரத்தால் பல்லைப் பல்லாக இறக்கினார், எந்த அளவுகோலும் பக்கத்தில் இல்லை. லீவரைச் செய்துவிட்டு அதற்குச் சாவி வெட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்ததால், “லீவர் எங்கேண்ணே?” என்று கேட்டேன்.

“சாவிதான் தம்பி மொதல்ல. சாவிக்குத்தான் லீவரு, லீவருக்குச் சாவி கெடையாது” என்றார்.

அதன்பிறகு லீவர்களைப் பூட்டுக்குள் அடுக்கி, மேல்தகட்டை மூடாமல், சாவியைப் போட்டு மெதுவாகத் திருப்பினார். திறந்த பூட்டுக்குள் ஒவ்வொரு லீவரும் எழுவதும், சிலது முளையில் இடித்து நிற்பதும் நன்றாகத் தெரிந்தது. இடித்த லீவரை மட்டும் வெளியே எடுத்து, கட்டைவிரல் நகத்தை அளவுக்கு வைத்து, வழியின் ஓரத்தில் அரத்தை இரண்டு இழுப்பு, ஊதிவிட்டு மறுபடி உள்ளே. திருப்பிப் பார்த்தார், இன்னும் இடித்தது. எடுத்து இன்னொரு இழுப்பு. இந்த இடத்தில் ஒரு இழுப்பு கூடிப்போனால் அந்த லீவரைத் தூக்கி எறிய வேண்டியதுதான், ஏனென்றால் இரும்போ பித்தளையோ, இழைத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. எட்டு லீவரும் இப்படி ஒவ்வொன்றாகச் சாவிக்குப் பழகின பிறகுதான் மேல்தகட்டை வைத்து ரிவிட் அடித்தார்கள். ஒரே ஆசாரி அடுத்தடுத்துச் செய்த இரண்டு பூட்டானாலும் ஒன்றின் லீவரைக் கழற்றி மற்றதில் போட முடியாது. மெஷினில் வருவது இப்படி இல்லை. அங்கே லீவர்கள் ஆயிரக்கணக்கில் ஒரே அச்சில் அடித்து வரும், எந்த லீவரும் எந்தப் பூட்டிலும் உட்கார வேண்டும் என்பதற்காகவே கொஞ்சம் தளர்வு விட்டிருப்பார்கள். அது தப்பு என்று சொல்லவில்லை, குறைந்த விலைக்கு எல்லாருக்கும் பூட்டு கிடைக்க அது தேவைதான். ஆனால் அந்தத் தளர்வுதான் ஆட்டினால் கலகலவென்று கேட்பது.

திண்டுக்கல்லுக்கு இந்தத் தொழில் வந்து 150 வருஷத்துக்கு மேல் ஆகிறது, சங்கரலிங்க ஆசாரி சகோதரர்கள் தொடங்கியது என்று ஊரில் சொல்வார்கள். நாகல் நகர், நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி, யாகப்பன்பட்டி என்று ஊரைச் சுற்றியே பட்டறைகள். கோயில் உண்டியல், சிறைச்சாலை, அரசாங்கக் கிட்டங்கி என்று இந்த ஊர்ப் பூட்டு தொங்காத இடம் குறைவு. மாங்காய்ப் பூட்டு தவிர சதுரப் பூட்டு, அலமாரிப் பூட்டு, ஷட்டர் பூட்டு, சாவியைத் திருப்பினால் மணி அடிக்கும் மணிப் பூட்டு, விஷயம் தெரியாதவன் சாவியே கையில் இருந்தாலும் திறக்க முடியாத தந்திரப் பூட்டு என்று எத்தனையோ வகை. 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கிடைத்ததில் சந்தோஷம்தான், ஆனால் வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், கடை எந்த ஊரில் இருக்கிறது என்பதும் பூட்டு எந்த ஊரில் பிறந்தது என்பதும் வேறு வேறு விஷயம். உத்தரப் பிரதேசத்து அலிகார் பெரிய பூட்டு ஊர், அங்கிருந்து மெஷின் பூட்டுகள் இந்தியா முழுக்கப் போகின்றன, விலையில் கைப்பட்டறை அதோடு போட்டி போட முடியாது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி முதலில் கண்ணில் படும் கடையில் வாங்கினால் கைப்பூட்டுதான் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். என் உறவுக்காரர் ஒருவருக்கு ஒரு கடையில், பெயர் வேண்டாம், கைப்பூட்டு விலை வாங்கிக்கொண்டு மெஷின் பூட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ஆட்டிப் பார்த்தபோதே தெரிந்தது.

சரி, கடையில் நிற்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் பூட்டிய நிலையில் காதருகே வைத்து ஆட்டுங்கள், நல்ல கைப்பூட்டு ஊமையாக இருக்கும். அடுத்து அதே அளவில் இன்னும் நாலைந்து பூட்டை எடுக்கச் சொல்லி, ஒன்றின் சாவியை மற்றதில் போட்டுப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, இதைவிட உருப்படியான சோதனை கிடையாது. ஒன்று திறந்தாலும் அந்த வரிசையையே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செல்போன் டார்ச்சைச் சாவித் துவாரத்துக்குள் அடித்தால் லீவர்களின் விளிம்பு வரிசையாகத் தெரியும், மஞ்சளாக இருந்தால் பித்தளை, மழை படும் இடத்துக்கும் கடலோர ஊர்களுக்கும் பித்தளை லீவர்தான், இரும்பு லீவர் உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடித்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். வளையத்தைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், துளி அசைவு இருக்கலாம், தடதடவென்று ஆடக்கூடாது. கடைசியாக, சாவியைத் திருப்பும்போது விரலில் என்ன தெரிகிறது என்று கவனியுங்கள். முதலில் ஒரு மெத்தென்ற எதிர்ப்பு, அது லீவர்களின் ஸ்பிரிங் ஒன்றாக எழுவது, அப்புறம் வழுக்கிக்கொண்டு போய் ஒரே ஒரு ‘டக்’. நடுவில் கரகரப்போ இரண்டு மூன்று தட்டோ இருந்தால் ஏதோ ஒரு லீவர் சரியாக இழைக்கப்படவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, துரு. உள்ளே பித்தளை என்றாலும் கூடு இரும்புதான், மேலே அடித்த பெயிண்ட் என் பூட்டில் ரிவிட் தலைகளைச் சுற்றி முதல் மழையிலேயே உரிய ஆரம்பித்துவிட்டது. இவ்வளவு உழைப்பைக் கொட்டிச் செய்த பூட்டுக்கு இன்னும் நல்ல பூச்சு அடித்திருக்கலாம், பட்டறைக்காரர்கள் இதில் கவனம் வைத்தால் பாதிப் புகார் தீரும். வேலை கெடவில்லை, ஆனால் பார்க்க வயசான பூட்டாகிவிட்டது.

இரண்டாவது, சாவி தொலைந்தால் கஷ்டம். தெருமுனையில் மெஷின் வைத்துச் சாவி வெட்டுகிறவர்களிடம் இதைக் கொண்டுபோனால் பெரும்பாலும் கையை விரித்துவிடுவார்கள், இந்த அளவில் வெறும் சாவி அவர்களிடம் இருக்காது, இருந்தாலும் அந்த மெஷினின் துல்லியம் இந்தப் பூட்டுக்குப் போதாது. அரத்தால் வெட்டத் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். இரண்டு சாவியும் தொலைந்தால் ரிவிட்டை அறுத்துத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்றாவதை முக்கியமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கள்ளச்சாவி போட்டுத் திறக்க நினைப்பவனை இந்தப் பூட்டு நன்றாகவே தடுக்கும், ஆனால் பெரிய கட்டரோ கிரைண்டரோ கொண்டு வருகிறவனுக்கு இந்த வளையமும் கம்பிதான். கிரைண்டரை எந்த வளையமும் ரொம்ப நேரம் தாங்காது. கட்டரைத் தாங்குவதற்கென்றே கடினப்படுத்திய எஃகு வளையத்தோடு சில கம்பெனிகள் பூட்டு விற்கின்றன, ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் ஷட்டர் போட்டிருப்பவர்கள் அதையும் சேர்த்துப் போடுவது நல்லது. அதோடு நாதாங்கியைக் கவனியுங்கள். இவ்வளவு நல்ல பூட்டை வாங்கி, மரத்தில் இரண்டு இஞ்ச் ஆணி அடித்த நாதாங்கியில் மாட்டியிருக்கும் வீடுகளைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது, கடப்பாரை வைத்து ஒரு நெம்பு நெம்பினால் பூட்டு பூட்டியபடியே கையோடு வந்துவிடும். போல்ட்டை ஊடுருவ விட்டு உள்பக்கம் நட் போடுங்கள்.

சைக்கிளுக்கும் பெட்டிக்கும் இது வேண்டாம், கனமும் அளவும் ஒத்துவராது. அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டுக்குப் பழகியவர்களுக்கு இதில் ஒவ்வொரு முறையும் சாவி போட்டுத் திருப்பிப் பூட்டுவது ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது, சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவை அடைத்துக்கொள்ளும் பேச்சே இல்லை.

பராமரிப்பு பெரிய விஷயம் இல்லை, ஆனால் நம் வீடுகளில் எல்லாரும் செய்யும் ஒரு காரியத்தைச் செய்யாதீர்கள், பூட்டு இறுகினால் உடனே தேங்காய் எண்ணெய் விடுவது. அன்றைக்குச் சுகமாகத் திறக்கும், கொஞ்ச நாளில் அந்த எண்ணெய் பிசினாகித் தூசியைப் பிடித்து லீவர்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். பென்சில் முனையைச் சுரண்டி அந்தக் கரித்தூளைச் சாவிப் பல்லில் தடவி உள்ளே விட்டு நாலு தடவை திருப்புங்கள், கடையில் கிராஃபைட் தூள் கிடைத்தால் இன்னும் நல்லது. வெளிக்கூட்டுக்கு மட்டும் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. சாவி மூடியை எப்போதும் மூடி வையுங்கள், உமியும் மண்ணும் போகும் வழி அது ஒன்றுதான்.

விலை என்று பார்த்தால் அதே அளவு மெஷின் பூட்டைவிட நிச்சயம் அதிகம். லீவர் எண்ணிக்கை, பித்தளையா இரும்பா என்பதைப் பொறுத்து மாறும். நான் பேரம் பேசவில்லை. ஒரு பூட்டுக்குள் எத்தனை தடவை லீவர் வெளியே வந்து உள்ளே போகிறது என்று பார்த்த பிறகு பேசத் தோன்றவில்லை, கேட்ட விலையில் கூலிக்கென்று மிஞ்சுவது கொஞ்சம்தான். பட்டறைகளில் நரைத்த தலைகள்தான் அதிகம் தெரிகின்றன, அவர்கள் பிள்ளைகள் மில்லுக்கும் கம்பெனிக்கும் போய்விட்டார்கள், இந்தக் கூலிக்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அரத்தை எந்த இழுப்பில் நிறுத்த வேண்டும் என்பது எழுதி வைத்துச் சொல்லிக்கொடுக்கிற விஷயம் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் செய்தால்தான் வரும். அதனால் முடிந்தவரை கடையில் வாங்காமல் பட்டறையிலேயே சொல்லிச் செய்யுங்கள், இடையில் போகிற காசு செய்தவர் கைக்குப் போகும், நமக்கும் வேண்டியபடி கிடைக்கும்.

சொல்லிச் செய்வதாக இருந்தால் நாதாங்கியின் துளை அளவை எடுத்துக்கொண்டு போங்கள், வளையத்தின் தடிமன் அதைப் பொறுத்ததுதான். பித்தளை லீவர் என்று வாயால் சொன்னால் போதாது, ரிவிட் அடிப்பதற்கு முன்னால் காட்டச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள், சந்தோஷமாகவே காட்டுவார்கள். அவசரப்படுத்த வேண்டாம், கையில் இருக்கும் வேலையைப் பொறுத்து சில நாள் ஆகும். மூன்றாவது சாவி வேண்டுமென்றால் முதலிலேயே கேட்டுவிடுங்கள், பூட்டு திறந்து கிடக்கும்போது லீவரைப் பார்த்துக்கொண்டே இன்னொரு சாவி வெட்டுவது அவர்களுக்குச் சின்ன வேலை. ரிவிட் அடித்த பிறகு கேட்டால் பூட்டையே கையில் கொண்டுபோக வேண்டியிருக்கும்.